வயிற்றுக்குள் அரை லிட்டர்

ஜூலை 3, 2025
எடை குறைய வயிற்றுக்குள் பலூன் போட்டாயிற்று. வயிற்றைவிடத் தொண்டைதான் வலிக்கிறது. 500 மில்லி சலைன், அதில் கொஞ்சம் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம். பலூன் கசிந்தால் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், அப்படிப் போனால் உடனே வந்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

ஜூலை 4
வாந்தி.

ஜூலை 5
வாந்தி மாத்திரையும் வாந்தியில் போயிற்று. இளநீரை மிடறு மிடறாகத்தான் குடிக்க முடிகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உள்ளே ஏதோ உருள்கிறது. அத்தையிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். "தண்ணிகூட தங்காத அல்சரு எங்க ஊருல நான் பார்த்ததில்ல" என்கிறார்.

ஜூலை 9
மஞ்சள்தான்.

ஜூலை 14
தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். சிலருக்கு விழுங்கிய தலைமுடியும் நாரும் வயிற்றிலேயே திரண்டு கட்டியாகக் கிடக்குமாம். அதுபோல ஒன்றைச் செயற்கையாக வைத்தால் என்ன என்று 1982-லேயே டென்மார்க் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பலூனில் காற்று. வயிற்றைப் புண்ணாக்கியது, சுருங்கிக் குடலில் போய் அடைத்தது, சில வருடங்களில் கடையைக் கட்டினார்கள். என்னுடையது வழவழப்பான சிலிக்கான், உள்ளே நீர். சரி. ஆனாலும் நடுராத்திரியில் படிக்கிற விஷயமா இது?

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டேன், பாதிகூட இறங்கவில்லை. நாத்தனார் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 4
நேற்று மத்தியானப் புளியோதரை இன்று காலை ஏப்பத்தில் வருகிறது. பலூன் இருந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகுமாம். எடை 89.6 கிலோ.

ஆகஸ்ட் 11
பச்சை! கை நடுங்க மருத்துவமனைக்குப் போன் போட்டேன். "உடனே வாங்க" என்றார்கள். இவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். செருப்பு மாட்டும்போது அத்தை கேட்கிறார், "ஃப்ளஷ் டேங்கில் நீலக் கட்டி போட்டேனே, வாசனை நல்லாயிருக்கா?"
ஒரு தம்ளரில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள். அந்தக் கட்டியை எடுத்து எறிந்தாயிற்று. ஏன் என்று அத்தையிடம் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 20
அண்ணன் சேலத்திலிருந்து போன். சர்க்கரை 300-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதாம், குடலுக்குள் உறை மாட்டினால் குறையுமாமே என்றான். சிறுகுடலின் தொடக்கத்தில் 60 செ.மீ. உறை, சாப்பாடு குடல் சுவரில் படாமல் வழுக்கிப்போகும். சர்க்கரையும் இறங்கத்தான் செய்தது. ஆனால் சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்து, 2015-ல் அமெரிக்க ஆய்வை நிறுத்திவிட்டார்கள். முதலில் ராத்திரி பரோட்டாவை நிறுத்து என்றேன். போனை வைத்துவிட்டான்.

அக்டோபர் 6
மூன்று மாதச் சர்க்கரை 6.3-லிருந்து 5.8. இவர் கடைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார். அல்சருக்கு சுகர் டெஸ்ட் எதற்கு என்று அத்தை கேட்கவில்லை. அதுதான் உதைக்கிறது.

அக்டோபர் 20
தீபாவளி. பசித்தது. நிஜமான பசி.

அக்டோபர் 28
அன்றிலிருந்து இதே யோசனைதான். எடை இறங்குகிறதெல்லாம் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் இறங்கிவிடும், அப்புறம் வயிறு பழகிக்கொள்ளும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொன்னார். பழகிவிட்டதா? பலூன் இருக்கும்போதே இரண்டு இட்லி நாலாகிறது என்றால், ஜனவரியில் எடுத்த பிறகு? ஊசியால் குத்தி, நீரை உறிஞ்சி, இடுக்கியால் பிடித்து வாய்வழியே இழுப்பார்கள். அந்த இடம் காலியாகும். காலியான இடத்தில் என்ன போய் உட்காரும் என்று எனக்குத் தெரியாதா? ஆபீஸில் ஒருத்தி, மார்ச்சிலேயே எடை குறைக்கிற மௌஞ்சாரோ மருந்து வந்துவிட்டதே, வாரம் ஒரு ஊசியோடு போயிருக்கலாமே என்கிறாள். நிறுத்தினால் அதிலும் எடை திரும்புகிறதாம். எதை எடுத்தாலும் 'நிறுத்தினால்' என்று ஒன்று வருகிறது.

நவம்பர் 8
83.1. போன வாரமும் 83.1.

நவம்பர் 9
மஞ்சள். இதை எடுத்த கையோடு இன்னொரு பலூன் போடுவார்களா, எவ்வளவு ஆகும்? இவரிடம் கேட்டால் சண்டை வரும். நாளை ஆபீஸிலிருந்து போன் செய்ய வேண்டும்.