கவர்னர் கையெழுத்து போட்டால் மட்டும் செனட்டர் ஆகிவிட முடியுமா?

2008-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டுக்குத் தேர்தல் நடந்தபோது மினசோட்டா மாநிலத்தில் இருந்தேன். மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள்; அதில் ஒரு இடத்துக்குத்தான் போட்டி. விசாவில் இருப்பவனுக்கு ஓட்டு ஏது? ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் மறு எண்ணிக்கை நேரலையை நான் விட்டதே இல்லை. முதல் கணக்கில் அப்போதைய செனட்டர் நார்ம் கோல்மன் 215 ஓட்டு முன்னிலை. கையால் எண்ணி முடித்ததும் அவரை எதிர்த்து நின்ற அல் ஃபிராங்கன் 225 ஓட்டு முன்னிலை.

சர்ச்சைக்குரிய ஓட்டுச் சீட்டுகளை ஐந்து பேர் கொண்ட வாரியம் கேமரா முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஒரு சீட்டில் ஃபிராங்கன் பெயருக்கு எதிரே வட்டத்தை நிரப்பிவிட்டு, பட்டியலில் இல்லாதவர் பெயரை எழுதுவதற்கான இடத்தில் 'பல்லி மனிதர்கள்' என்றும் எழுதியிருந்தார் ஒரு புண்ணியவான். பல்லி மனிதர்கள் ஒரு வேட்பாளரா இல்லையா என்று கோட் சூட் போட்டவர்கள் முகம் மாறாமல் வாதாடினார்கள். இரண்டு பேருக்குப் போட்ட ஓட்டு என்று சொல்லிக் கடைசியில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

ஃபிராங்கன் ஜெயித்துவிட்டார், சரி. ஆனால் ஜெயித்தவருக்குக் கவர்னர் தர வேண்டிய சான்றிதழ் வரவில்லை. கோல்மன் வழக்குப் போட்டிருந்தார். தேர்தல் வழக்கு முடியும்வரை சான்றிதழ் தரக்கூடாது என்பது மினசோட்டா சட்டம். கவர்னர் டிம் பாலென்டி கையெழுத்துப் போட்டது 2009 ஜூன் 30 அன்று, மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான். அதற்குள் வித்தியாசம் 312 ஆகியிருந்தது. ஜனவரியிலிருந்து அதுவரை மாநிலத்துக்கு ஒரே செனட்டர், ஏமி க்ளோபுச்சர் மட்டும்.

அப்படியென்றால் கடைசி அதிகாரம் மாநிலத்துக்கா? இல்லை. உறுப்பினரின் தேர்தல் செல்லுமா என்று தீர்மானிப்பது அந்தந்தச் சபையே என்கிறது அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு. கவர்னரின் முத்திரை செனட் வாசல் வரைக்கும்தான். 1926-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் செனட் தேர்தலில் வில்லியம் வேர் ஜெயித்தார். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் அவரிடம் தோற்றிருந்த கவர்னர் பின்ஷோ, 'தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் தோன்றுகிறது' என்று சான்றிதழில் எழுதி அனுப்பினார். அந்த வன்மத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. தேர்தலில் பணம் விளையாடியது என்று செனட் 1929-இல் வேருக்கு இடமே இல்லை என்றுவிட்டது.

அதற்காக மாநிலத்தின் கையைக் கட்டிப் போடவும் முடியாது. மாநிலம் மறு எண்ணிக்கை நடத்துவது செனட்டின் அதிகாரத்தைப் பறிப்பதாகாது என்று 1972-இல் இந்தியானா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செனட்டே எண்ண உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயர் போதும். 1974-இல் லூயி வைமன் முதலில் 355 ஓட்டில் ஜெயித்தார். மறுபடி எண்ணினால் ஜான் டர்கின் 10 ஓட்டில். இன்னொரு தடவை பார்த்தால் வைமன் 2 ஓட்டில்! விவகாரம் செனட்டுக்குப் போனது. கட்சிக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் இழுத்து, 41 தடவை வாக்கெடுப்பு நடத்தியும் முடிவு இல்லை. 1975 ஜூலை கடைசியில், ஆகஸ்ட் 8 முதல் இடம் காலி என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் மறுதேர்தல் நடந்தது. இந்த முறை டர்கின் 27,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

என்னைக் கேட்டால், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் செனட்டிடமே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சீட்டை எடுத்துப் பார்ப்பவர்கள் மாநிலத்தில் கேமரா முன்னால் உட்கார்ந்த அந்த ஐந்து பேரைப் போன்றவர்களாக இருப்பதுதான் நல்லது. ஆறு மாதம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.