எல்.சி. கேட்டு வந்த அம்மா

“இங்கேயே இருக்கட்டும்மா. நான் பாத்துக்கறேன்.” மூன்று வருடம் ஆகியும் நான் சொன்ன இந்த வார்த்தைகள் என்னை விடவில்லை.

மும்பையில் எங்கள் தமிழ் மீடியம் பள்ளியில் ஆறாவது படிக்கும் மகனுக்கு எல்.சி., அதாவது பள்ளியை விட்டுப் போவதற்கான சான்றிதழ், வாங்க அந்த அம்மா வந்திருந்தார். “சீக்கிரம் முடிச்சிட்டு உக்காந்தே இருக்கேன்னு சொல்றான் டீச்சர். ஸ்டேஷன் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியத்துல கேட்டிருக்கோம். மாத்தலாமா? நீங்களே சொல்லுங்க.”

அவனை நான் சும்மா உட்கார வைக்கவில்லை. பின்னக் கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவான். கழித்தலிலேயே தடுமாறும் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று அனுப்பிவிடுவேன். சொல்லிக்கொடுத்தால் அவனுக்கும் பதியும் என்று நம்பினேன். இப்போதும் அது தப்பென்று தோன்றவில்லை.

ஆனால் அந்த நோட்டு இருக்கிறதே. கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தான். அதை ஒட்டி மூன்று. இரண்டு ஓரமாக ஐந்து, பிறகு ஏழு. கோலப்புள்ளி மாதிரி ஒவ்வொரு தடவையும் சதுரமாகவே வந்து நின்றது. பக்கத்தில் 1, 4, 9, 16. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பதை யாரும் சொல்லாமல் பிடித்திருக்கிறான். நான் சிவப்பு மையில் ‘நன்று’ எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். நூறாவது சதுரத்துக்குக் கடைசியாக எத்தனை புள்ளி வைப்பாய் என்று கேட்டிருக்கலாம். ஒரு கேள்விதான். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

மாற்ற வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணங்கள் இருந்தன. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இலவச ஒதுக்கீடு சேர்க்கை தொடங்கும் வகுப்பில் மட்டும்தான்; ஆறாவதில் போனால் கட்டணம் முழுசாகக் கட்ட வேண்டும். நடுவில் மீடியம் மாறினால் மொழியோடு மல்லுக்கட்டவே ஒரு வருடம் போய்விடும். எல்லாம் உண்மை. ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடக்கும் டாக்டர் ஹோமி பாபா பால வைஞானிக் என்ற அறிவியல் திறன் தேர்வைத் தமிழில் எழுத முடியாது என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை. தமிழ் வகுப்பில் எண்ணிக்கை குறைந்தால் எங்களில் ஒருவர் சர்ப்ளஸ், அதாவது உபரி ஆசிரியர் ஆகிவிடுவார் என்று அந்த வாரம்தான் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்தோம். அதையும் சொல்லவில்லை.

அதை மனதில் வைத்தா பேசினேன்? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்ல முடியவில்லை.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்பது அதில் ஒன்று. ‘கூடுதலாக’ என்றாலே பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்கள் பயிற்சி வகுப்புகள், படிவங்கள் எல்லாமே எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களைப் பற்றித்தான். அதில் குறை சொல்ல மாட்டேன், எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை காத்திருக்க முடியாது. ஆனால் சட்டம் ‘ஒவ்வொரு பிள்ளை’ என்கிறது. பாஸாகிவிடுவான் என்று தெரிந்த பிள்ளை எந்தப் படிவத்திலும் இல்லை. என் கணக்கிலும் இல்லை. ‘பாத்துக்கறேன்’ என்றேனே, அப்புறம் என்ன பார்த்தேன்? சாக்பீஸைத்தான் அவன் கையில் கொடுத்தேன்.

போன மாதம் தாராவி 90 அடி சாலையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். “நீங்க சொன்னது நல்லதாப் போச்சு டீச்சர். ஒன்பதாவதுல கிளாஸ் ஃபர்ஸ்ட்டு” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“நோட்டுக் கடைசியில தானா ஏதாவது போட்டுப் பாப்பானேம்மா, இப்பவும் உண்டா?”

“அதெல்லாம் விட்டுட்டான் டீச்சர். குடுத்ததை முடிச்சிட்டு எழுந்துடறான்” என்றார் சந்தோஷமாக.