பிறந்த ஊர்

"மடிப்புல கிழிஞ்சிடும், பார்த்து வைங்க தம்பி."

ஜெராக்ஸ் கடையில் இன்று எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சொன்னது. கையில் அவருடைய அப்பாவின் பிறப்புப் பத்திரம். பேரனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கப் போகிறாராம்.

பிறந்த ஊர்: கடலூர்.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரான்ஸ் தன் ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பகுதிகளை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்ததும், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாமில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வயலில் நின்றவருக்கு அதை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அந்த மண்ணுக்கு வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கோ அந்தக் கெடுவே இல்லை. அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடர்ந்தார்கள்.

நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். அம்மா வீடு கடலூர் என்றால் மூத்தவன் ஆங்கிலேயர் எல்லையில் பிறப்பான், இளையவன் புதுச்சேரியில். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு நாடு!

அப்புறம் இன்னொரு தடை. குடும்பம் ஐம்பது வருடத்துக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே இருந்து, கேட்பவரும் அவருடைய பெற்றோரும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்குச் சான்று இல்லையென்றால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்கவே பிரெஞ்சு சிவில் சட்டம் விடாது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஆண்ட காலத்தில் தன் குடிமக்கள் என்று எழுதி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

வீட்டில் பழைய பாஸ்போர்ட், தூதரகப் பதிவு ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே யார் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.