பார்க்கலாம் என்றேன்

"பார்க்கலாம், அண்ணாச்சி" என்று சொன்னதை வாக்குறுதி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசு ஊழியர் வாயிலிருந்து வரும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும். நகராட்சி வாசலில் இத்தனை வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தியவருக்கா தெரியாது? எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மன்றம் இல்லாத காலம் அது. 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல். இடையில் தனி அலுவலர் கையெழுத்துதான் தீர்மானம். புதிய அலுவலகக் கட்டடத்துக்கு இரண்டு இடங்கள் பேச்சில் இருந்தன. ஒன்று, பழைய அலுவலகமும் அதை ஒட்டிய நகராட்சிக் கடைகளும் நின்ற எழுபது சென்ட். இன்னொன்று, புறவழிச்சாலை ஓரத்தில் மூன்று ஏக்கர். மன்றம் இருந்திருந்தால் யாராவது ஒரு வார்டுக்காரர் எழுந்து நின்று கடைக்காரர்கள் கதி என்ன என்று கத்தியிருப்பார். அந்தக் கத்தலை எத்தனையோ கூட்டங்களில் சலித்துக்கொண்டே கேட்டவன் நான்.

இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எழுதத் தொடங்கும் முன்பே என் மனம் ஊருக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டது. இறப்புச் சான்றிதழுக்காக மூன்று முறை அலைகிறவர்கள் மூன்று முறையும் ஷேர் ஆட்டோ பிடிக்கக் கூடாது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆணையர் அப்படி நினைக்கவில்லை. "ரிப்பன் மாளிகையும் அந்தக் காலத்தில் ஊர் நெரிசலை விட்டு வெளியே போய்க் கட்டியதுதானே?" என்றார். வாதத்தில் சாரம் இருந்தது. 1913இல் சென்னை மாநகராட்சி எர்ரபாலு செட்டித் தெருவை விட்டுத்தான் அங்கே குடிபோனது. ஆனால் பக்கத்தில் சென்ட்ரல் ரயில் நிலையம் 1873இலிருந்தே இருந்ததே, சார் என்றேன். ரயிலை விட்டு இறங்கியவர்கள் நடந்தே போயிருக்கலாம். எங்கள் புறவழிச்சாலையில் இறங்குகிறவர் லாரிக்கு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அவர் சிரித்துவிட்டு, "எழுதிக் கொடுங்கள்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரியும் பொய் இல்லை. மூன்று ஏக்கரும் பள்ளம், களிமண், மழைநீர் தேங்கும், மண் நிரப்பவே பெரும் செலவாகும் என்று எழுதினேன். கணுக்கால் அளவு தண்ணீரோடு புகைப்படமும் வைத்தேன். பழைய அலுவலகத்துக்கு நடந்து வருகிறவர்களை மூன்று நாள் எண்ணி அந்தக் கணக்கையும் சேர்த்தேன். ஆனால் பள்ளத்தைப் பார்க்கப் போனது கார்த்திகை அடைமழையில். கூட்டத்தை எண்ணியது, சொத்துவரி கட்ட ஊரே திரளும் மார்ச் கடைசி வாரத்தில். அப்போதே எனக்குத் தெரிந்துதான் அப்படிச் செய்தேனா, இல்லை வேலை அப்படி அமைந்ததா என்று கேட்டால், இரண்டு பதிலும் வருகிறது.

குறிப்போடு கடைக்காரர்களின் மனு ஒன்றும் இணைத்தேன். அலுவலகம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து ஜெராக்ஸ் அண்ணாச்சியுடையது. மற்றவர்களிடம் நடையாய் நடந்து கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். அவருக்கு இரண்டு பக்கமும் இடி. அலுவலகம் போனால் பிழைப்பு போகும். இருந்தால், கட்டடத்துக்காகக் கடை போகும். அதை அவர் அறியாதவர் இல்லை. மனுவைக் கொடுக்கும்போதுதான் கேட்டார்.

"சார், புதுக் கட்டடத்தில் கீழே கடை வைப்பீர்கள் அல்லவா? எங்களுக்கு ஒன்று கிடைக்குமா?"

"பார்க்கலாம், அண்ணாச்சி."

தலையாட்டினார். நான் மனுவை வாங்கிக் கோப்பில் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

புதுக் கடைகள் பொது ஏலத்துக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். பழைய வாடகைதாரருக்கு முன்னுரிமை என்று எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்லை. "கிடைக்காது" என்று சொல்லவும் அதிகாரம் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், ஏலம் என்று ஒரு வார்த்தை சொல்ல எந்த அதிகாரமும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதைக் கேட்ட பிறகு அவர் அந்த மனுவை என் கையில் தந்திருப்பாரா?

கட்டடம் எழும்பிவிட்டது. நன்றாகவே இருக்கிறது; படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளமும் மின்தூக்கியும் உண்டு. இப்போது சொத்துவரியை வீட்டிலிருந்தே கட்டுகிறார்கள், பஸ் நிலையமும் புறவழிச்சாலைக்கே போய்விட்டது. நான் எண்ணிக் காட்டிய கூட்டத்தில் பாதிகூட இன்று இல்லை. ஆணையர் சொன்னதே சரியோ என்று சில நாள் தோன்றும். பிறகு யாராவது ஒரு பாட்டி கையில் மஞ்சள் பையோடு நடந்தே வந்து குடிநீர்ப் பிரிவைத் தேடுவார். நான் செய்தது சரிதான் என்று மனம் திரும்பிவிடும். ஒரு பாட்டியை வைத்து எத்தனை நாள் ஓட்டுவேனோ!

கீழ்த்தளக் கடைகள் ஏலத்தில் போயின. கேட்ட வைப்புத்தொகையை அண்ணாச்சியால் புரட்ட முடியவில்லை. அவர் என்னிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் விதிகளை எடுத்துச் சொல்லி என் பக்கத்து நியாயத்தையாவது வைத்திருப்பேன். இடிப்பதற்கு முன்பு, புதிய பஸ் நிலைய வரிசையில் ஒரு கடை எடுக்கலாம் என்று அவருடைய மகன் சொன்னானாம். "இங்கேயே தருவார்கள், சார் சொல்லியிருக்கிறார்" என்று இவர் மறுத்துவிட்டாராம். பக்கத்துக் கடையில் பூக்கட்டுகிற அம்மா இதைச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வரிசையில் அப்போது மூன்று கடைகள் காலியாக இருந்தன. வாடகைப் பதிவேடு என் அறைக்கு எதிர் அறையில்தான் இருந்தது.