படிக்காதவை 4,812

மார்ச் 4, செவ்வாய்

வலது கண்ணில் விழித்திரை அறுவை முடிந்து ஐந்தாம் நாள். உள்ளே விட்ட வாயுக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க, ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும், மீதி 10 நிமிடம் விடுதலை. கூடத்துத் தரையை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. சோபாவுக்கு அடியில் மகள் எப்போதோ தொலைத்த யூனோ அட்டை ஒன்று கிடக்கிறது, எட்டவில்லை. கைபேசியைத் தரையில் வைத்து இடது கண்ணால் பார்த்தேன். வலைப்பதிவுகள், செய்தித் தளங்களின் புதுப் பதிவுகளைச் சேர்த்துத் தரும் செயலியில் படிக்காதவை 4,812. உள்ளே போகிற அன்று காலை 900கூட இல்லை.

மார்ச் 5, புதன்

சொட்டு மருந்து நாலு வேளை. 5,377.

மார்ச் 6, வியாழன்

மொத்தம் 614 ஓடைகள், அதாவது தளங்களின் சந்தாக்கள், வைத்திருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எண்ணியதே இல்லை. யார் இப்படிக் கொட்டுகிறார்கள் என்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டு செய்தித் தளங்கள்தான், ஒவ்வொன்றும் நாளுக்கு நூறு இருநூறு, ஒரே தீ விபத்து எட்டு இடத்தில் எட்டுத் தலைப்போடு. வருடத்துக்கு மூன்று பதிவு எழுதுகிற மனிதர்கள் இந்தக் கூட்டத்தில் எங்கோ அடியில் கிடக்கிறார்கள். நான் சந்தா சேர்ந்ததே அவர்களுக்காகத்தான்.

மார்ச் 8, சனி

மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலைப்புகளை வாசிக்கச் சொன்னேன். வாய்மொழித் தேர்வில் வாசிப்பது மாதிரி, ஒவ்வொரு ழகரத்துக்கும் நின்று நிதானமாக வாசிக்கிறாள். நாற்பது தலைப்புக்கு அரை மணி நேரம். நடுவில் நிறுத்தி, "அப்பா, இவரு 2011லதான் கடைசியா எழுதியிருக்காரு, இன்னும் ஏன் வச்சிருக்கீங்க?" என்றாள். எழுதினாலும் எழுதுவார் என்றேன். "செத்துப்போயிருந்தா?"

அந்தக் கடைசிப் பதிவின் அடியில் "தொடரும்" என்று இருக்கிறது. அதைச் சொன்னால் சிரிப்பாள், சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஊரிலிருந்து அக்கா அழைத்தாள். அவள் வீட்டு விசேஷத்துக்கு அழைப்புப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டதாம், விசேஷம் சித்திரை மூன்றாம் தேதி. நான் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

நிமிர்ந்துவிட்டேன்! கழுத்து இன்னும் நம்பவில்லை.

இரண்டரை மணி நேரம் காத்திருந்து ஆறு நிமிடம் டாக்டர். ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறதாம். வாயு கரைய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், அதுவரை விமானம் கூடாது. மேலே போகப்போக அழுத்தம் குறையும், குமிழி விரியும், கண் தாங்காது. கையில் பச்சைப் பட்டை, கழற்றக் கூடாது. ஆறு வாரம் என்றால் ஏப்ரல் 10. எட்டு என்றால் 24. நடுவில் 16, அக்கா வீட்டு விசேஷம். ரயிலில் வீட்டுக்கு, செங்காங் வரும்வரை இந்தக் கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இதே மார்ச்சில்தான், 2013ல், ஓடைகளைப் படிக்க வைத்திருந்த கூகுள் ரீடரை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஜூலை 1ல் மூடியும்விட்டார்கள். நான் அன்றைக்குப் பதறிப்போய் இறக்கி வைத்த ஓபிஎம்எல் கோப்புதான், சந்தாப் பட்டியல், இந்த 614க்கும் தாய். செயலி செயலியாக மாறும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறேன், பழைய வீட்டுப் பாத்திர மூட்டை மாதிரி, பிரிக்காமலே. அதற்கும் முன்னால் 2004ல் தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளம் வந்த புதிதில், மதிய உணவு நேரத்தில் அந்த ஒரு பக்கத்தைத் திறந்தால் அன்றைக்குத் தமிழில் எழுதியவர்கள் முக்கால்வாசிப் பேரை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். பார்த்தும் இருக்கிறேன்.

ரீடரில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஆயிரத்தைத் தாண்டினால் "1000+" என்று மட்டும் காட்டும், அதற்கு மேல் எத்தனை என்று சொல்லாது. 30 நாள் தாண்டியதைத் தானே படித்ததாகக் குறித்துவிடும். இப்போதுள்ளது 7,206 என்று கடைசி இலக்கம்வரை சொல்கிறது. நான் கேட்டேனா?

மார்ச் 15, சனி

வெட்ட ஆரம்பித்தேன். செய்தித் தளங்கள் அத்தனையும் போச்சு, செய்தி வேண்டுமென்றால் தமிழ் முரசு நாளிதழ் இருக்கிறது. எண் பாதிக்கும் கீழே வந்தது. முதல் இரண்டு வரியைக் கொடுத்து மீதிக்கு வாசலுக்கு வா என்று கூப்பிடுகிற ஓடைகளும் போச்சு. ஒரு சமையல் பதிவு, நெத்திலிச் சம்பலுக்கு அதில்தான் பக்குவம் பார்ப்பேன், உள்ளே போனால் சூதாட்ட விளம்பரம். அந்த அம்மா இணைய முகவரிக்குப் பணம் கட்டாமல் விட்டிருப்பார், எவனோ பிடித்துக்கொண்டான். அதை நீக்க மட்டும் கை வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

கண்ணுக்குள் குமிழியின் கோடு இன்னும் பாதிக்கு மேலேதான்.

மார்ச் 19, புதன்

காலையிலிருந்து மழை, விடவே இல்லை. வலது கண்ணில் மேலே மழை, கோட்டுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. தலையை ஆட்டினால் தொட்டி தளும்புகிறது.

"இத்தனையும் படிச்சு என்னங்க பண்ணப்போறீங்க?" என்று இவள் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், சும்மா தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

ஒரு உண்மை எழுதி வைக்கிறேன். வெட்டியது போக, விழித்திரை பற்றி நாலு ஓடை புதிதாகச் சேர்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஐந்து வாரத்தில் குமிழி போய்விட்டதாம். இன்னொருவருக்குப் பத்து வாரம். பத்து வாரக்காரரை நீக்கிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

213 ஓடைகள். மீதமிருந்த 1,940ஐயும் "எல்லாம் படித்தாயிற்று" என்று ஒரே அழுத்தில் அழுத்திவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கீழே காப்பிக்கடைக்குப் போய் ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வந்தேன், வருவதற்குள் 31.

மார்ச் 26, புதன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கப்பல்ல வர முடியாதாடா?" என்றாள்.

அப்பா ரஜூலா கப்பலில்தான் இங்கே, சிங்கப்பூருக்கு, வந்தார். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு தொட்டு. இப்போது எந்தக் கப்பல் அக்கா ஆள் ஏற்றுகிறது? "தாய்மாமன் நிக்க வேண்டிய இடத்துல யாரடா நிக்க வைக்கிறது" என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் வைத்துவிட்டாள்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். எதிர்வீட்டிலிருந்து கெத்துப்பாட், ரெண்டாங். தட்டைக் குனிந்து பார்த்தால் ரெண்டாங்குக்கு நடுவே வட்டமாகக் குமிழி. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

"தொடரும்" ஆள் பெயருக்குப் பக்கத்தில் 10!

நெஞ்சு அடித்துக்கொண்டது, மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். திறந்தால் பத்தும் பழையவை, 2010, 2011. பதிவு வேறு சர்வருக்கு மாறியிருக்கிறது, அதில் ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் மாறிவிட, செயலி புதிது என்று நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடம் கழித்து யாரோ மெனக்கெட்டு மாற்றியிருக்கிறார்கள், பணம் கட்டியிருக்கிறார்கள்.

பத்தையும் படித்தேன். இரண்டு கண்ணாலும்.

ஏப்ரல் 7, திங்கள்

கோடு கோடாக இல்லை, கீழே ஒரு வட்டம். இவளுக்கும் மகளுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. மூன்றாவது இருக்கை விலை ஏறிக்கொண்டே போகிறது.

ஏப்ரல் 9, புதன்

பட்டாணி அளவு. நாளைக் காலை 8:40க்கு டாக்டர். செயலியைத் திறக்கவில்லை, எத்தனை என்று தெரியாது. இவள் பட்டு வேட்டியை எடுத்துப் பெட்டியில் வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி