இரண்டு ஹெர்ட்ஸ் தள்ளி நின்ற முகடுகள்

அதிர்வு ஆய்வு அறிக்கையில் வழுவழுவென்று ஓடும் நிறமாலைக் கோட்டை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் கோட்டைக் கண்டால் முன்பெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். இப்போது, பதிவை எவ்வளவு நீளமான துண்டுகளாக்கிச் சராசரி எடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

காரணம் ஒரு மோட்டார். நான்கு துருவத் தூண்டல் மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் ஒத்தியங்கு வேகம் (உள்ளே சுழலும் காந்தப்புலத்தின் வேகம்) நிமிடத்துக்கு 1500 சுற்று, சுமையேறியபின் ஓடியது 1470, அதாவது நொடிக்கு 24.5 சுற்று. பேரிங் உறைமேல் உணரியை ஒட்டி, நொடிக்கு 2560 மாதிரிகள் வீதம் 64 நொடிப் பதிவு எடுத்தேன்.

முழுப் பதிவையும் ஒரே மூச்சில் அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றம் செய்தபோது கிடைத்தது முள்வேலி போன்ற கோடு. பதிவை நீட்டினால் முள் அடங்கும் என்று புதிதாக வருபவர்கள் நம்புகிறார்கள், அடங்காது. ஆர்தர் ஷூஸ்டர் 1898இல் பெயர் சூட்டிய பீரியடோகிராமின், அதாவது இப்படி ஒரே மூச்சில் கணித்த நிறமாலையின், பிறவிக் குணம் அது: இரைச்சலைப் பொறுத்தவரை, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மதிப்பின் சிதறல் ஏறக்குறைய அதன் சராசரி அளவுக்கே இருக்கும் என்பதால், நீண்ட பதிவு புள்ளிகளை நெருக்குமே தவிர எந்தப் புள்ளியையும் நம்பத்தக்கதாக்காது. பதிவைத் துண்டுபோட்டுச் சராசரி எடுக்கும் வழியை பார்ட்லெட் 1948இல் முன்வைத்தார். ஒன்றன்மேல் ஒன்று கவியும் துண்டுகளையும், துண்டின் ஓரங்களை மெல்ல மங்கவைக்கும் சாளரத்தையும் சேர்த்து வெல்ச் 1967இல் அதை மேம்படுத்தினார்.

நானும் 1024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக்கினேன். கவியாமல் அடுக்கினாலே 160 துண்டுகள். சிதறல் எட்டு விழுக்காட்டுக்கு இறங்கியது. 25 ஹெர்ட்ஸ் அருகே அழகான ஒற்றைக் குன்று. சுற்று அதிர்வெண்ணை ஒட்டியிருந்ததால், மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரில் சமநிலைக் குறைவு என்று எழுதிக் கொடுத்தேன்.

சமநிலைப்படுத்திய பிறகும் அதிர்வு அவ்வளவாகக் குறையவில்லை. அங்கே பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் பிட்டர், "சார், சத்தம் ஏறி ஏறி இறங்குது, காது குடுத்துப் பாருங்க" என்றார். எண்ணிப் பார்த்தேன், நொடிக்கு இரண்டு முறை.

ரோட்டாரில் மின்சாரம் பாயும் கம்பி உடைந்தால், நழுவலை (ஒத்தியங்கு வேகத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை) துருவ எண்ணிக்கையால் பெருக்கிய தொலைவில், சுற்று அதிர்வெண்ணின் இருபுறமும் பக்க முகடுகள் எழும். இங்கே நழுவல் நிமிடத்துக்கு 30 சுற்று, நொடிக்கு அரை. நான்கால் பெருக்கினால் 2 ஹெர்ட்ஸ். என் துண்டின் நீளமோ 0.4 நொடி, ஆகவே புள்ளிகளின் இடைவெளியே 2.5 ஹெர்ட்ஸ், போதாக்குறைக்கு நான் போட்ட ஹான் வகைச் சாளரம் ஒவ்வொரு முகட்டையும் இன்னும் அகலப்படுத்தியிருந்தது. நான் ரசித்த குன்றுக்குள் மூன்று முகடுகள் புதைந்திருந்தன.

அதே பதிவை 8 நொடித் துண்டுகளாக, பாதிக்குப் பாதி கவியவிட்டு மீண்டும் கணித்தேன். துண்டுகள் 15 மட்டுமே; சிதறல் கால் பங்குக்கும் மேல், கோடு கரடுமுரடு. ஆனால் 22.5, 24.5, 26.5 என்று மூன்றும் தனித்தனியாக நின்றன. ரோட்டாரைக் கழற்றியபோது இரண்டு கம்பிகள், நுனிகளை இணைக்கும் முனை வளையத்தை ஒட்டி விரிசல் விட்டிருந்தன.

இப்போது என் அறிக்கைகளில் இரண்டு கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டு, துண்டு நீளத்தை நொடியில் குறிப்பிட்டுவிடுகிறேன். கீழே இருக்கும் முள்வேலி எதற்கு என்று மேலாளர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்.