மைக்ரோடிக் ரூட்டரில் பைதான் வழியாகச் சான்றிதழ் ஏற்றிப் பார்த்த அனுபவம்

வீட்டு மைக்ரோடிக் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தாலே பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கும், நானும் அதைத் தாண்டி உள்ளே போய்விடுவேன். ஒருநாள் தங்கை ஏதோ ஒரு தளத்தில் அதே எச்சரிக்கையை யோசிக்காமல் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்துப் பழகியதுதான். அது மனதை உறுத்தியது, அன்றே ரூட்டருக்கு முறையான சான்றிதழை (இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்லும் ஃபைல்) ஏற்றும் வேலையைத் தொடங்கினேன்.

ரூட்டர் வெளி இணையத்துக்குத் தெரியக் கூடாது என்பதால் இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் டிஎன்எஸ் (டொமைன் பெயர்களின் பதிவேடு) வழியாக ஒன்றை வாங்கினேன். டொமைனில் அவர்கள் கேட்கும் டெக்ஸ்ட் பதிவைச் சேர்த்தால் போதும், ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் (இணைப்பு வாசலையும்) திறக்க வேண்டாம். இதை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் சர்ட்பாட் (சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் நிரல்) பார்த்துக்கொள்கிறது. சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள், 30 நாள் மிச்சமிருக்கும்போதே புதுப்பிப்பு வந்துவிடும், ஆக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரூட்டரில் ஏற்ற வேண்டும். 2029 மார்ச் 15 முதல் பொதுச் சான்றிதழ்களின் ஆயுளே அதிகபட்சம் 47 நாள் என்று சுருங்கப்போகிறது. இனி இதைக் கையால் செய்துகொண்டிருக்க முடியாது.

ஸ்கிரிப்ட் பெரிதில்லை. பாராமிகோ என்ற பைதான் நூலகம் மூலம் எஸ்எஃப்டிபி-யில் (பாதுகாப்பான ஃபைல் பரிமாற்றம்) சான்றிதழ் ஃபைலையும் அதன் ரகசியச் சாவி ஃபைலையும் ரூட்டருக்கு அனுப்பி, எஸ்எஸ்எச்-சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் பாதுகாப்பான இணைப்பு) இம்போர்ட் கட்டளை கொடுப்பது, அவ்வளவுதான். முதல் முறை சாவியை முன்னால் ஏற்றிவிட்டேன், 'சான்றிதழ் இல்லாத சாவி: 1' என்று பதில் வந்தது. அதற்குரிய சான்றிதழ் முதலில் உள்ளே இருக்க வேண்டும். ஸ்கிரிப்டோ எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்திருந்தது, ஏனென்றால் நான் பதிலைப் படிக்கவே சொல்லவில்லை. இப்போது அந்தப் பதிலில் 'இம்போர்ட் ஆன சாவி' என்ற எண் 1 ஆக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த தவறு பெரியது. எல்லா எண்களும் சரியாக வந்தன, நானும் நிம்மதியாக விட்டுவிட்டேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் பிரவுசரில் காலாவதி எச்சரிக்கை. புதுச் சான்றிதழ் ரூட்டரின் கிடங்கில் பத்திரமாக இருந்தது, ஆனால் இணையச் சேவை இன்னும் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. இம்போர்ட் செய்வது வேறு, சேவைக்கு அதைப் பொருத்துவது வேறு. அதற்குத் தனிக் கட்டளை சேர்த்தேன். ரூட்டர் ஃபைல் பெயரை வைத்தே சான்றிதழுக்குப் பெயர் சூட்டுவதால், ஃபைல் பெயரில் தேதியையும் சேர்த்தேன், புதுசு எது பழசு எது என்ற குழப்பம் போனது.

அப்புறம் ஒரு சோதனை: ஸ்கிரிப்ட் கடைசியில் தானே ரூட்டரின் 443-ஆம் போர்ட்டில் (பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான வாசல்) இணைந்து, ரூட்டர் தருகிற சான்றிதழின் ஷா-256 கைரேகையை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ராஸ்பெர்ரி பையில் இருக்கும் ஃபைலின் கைரேகையோடு ஒப்பிடும். இங்கே முழுச் சங்கிலி ஃபைலைக் கொடுத்தால் கணக்கு தவறிவிடும், அதில் வழங்குபவரின் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்திருக்கும். ஒற்றைச் சான்றிதழ் ஃபைலைத்தான் கொடுக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்த இடம் வேறு. பாராமிகோ உதாரணங்கள் பலவற்றில், தெரியாத சர்வர் வந்தாலும் தானாக ஏற்றுக்கொள் என்று ஒரு வரி இருக்கும், நானும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். நாம் அனுப்புவதோ ரகசியச் சாவி. அந்த ஐபி முகவரியில் ரூட்டருக்குப் பதிலாக வேறு ஏதாவது பதில் சொன்னால் சாவியை அதன் கையிலேயே கொடுத்துவிடுவோம். அந்த வரியை எடுத்துவிட்டு, ரூட்டரின் ஹோஸ்ட் கீயை (அது அந்த ரூட்டர்தான் என்று காட்டும் சாவி) முன்பே பதிந்து வைத்தேன், பொருந்தாவிட்டால் இணைப்பே கிடையாது. ரூட்டரிலும் தனிப் பயனரை உருவாக்கி, ராஸ்பெர்ரி பையின் முகவரியிலிருந்து மட்டுமே நுழையலாம் என்று கட்டினேன். இம்போர்ட் முடிந்ததும் சாவி ஃபைல் ரூட்டரில் மிச்சமிருந்தால் ஸ்கிரிப்டே அழித்துவிடும்.

சர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கில் (சான்றிதழ் புதுப்பித்ததும் தானாக ஓடும் பகுதி) இந்த ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன். ஒத்திகை ஓட்டத்தில் அந்த ஹூக் வழக்கமாக ஓடாது, அதனால் சான்றிதழ் இருக்கும் ஃபோல்டர் பாதையை, ஸ்கிரிப்ட் படிக்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பு) கையால் கொடுத்துச் சோதித்தேன். போன புதுப்பிப்பு நான் தூங்கும்போதே நடந்திருக்கிறது, காலையில் லாகில் இரண்டு கைரேகையும் ஒன்றாக இருந்தன. பழைய சான்றிதழ்கள் மட்டும் கிடங்கில் சேர்ந்துகொண்டே போகின்றன. கைரேகை பொருந்திய பிறகே அவற்றை நீக்குகிற பகுதியை இந்த வாரம் எழுதுகிறேன்.